வானொலி உறுதி அட்டை சேகரிப்பு: கெடா

வானொலியில் ஒருவரோடு ஒருவர் பேசியதற்கும், ஒரு நிலையத்தைக் கேட்டதற்கும் சான்றாகத் தபாலில் வரும் அட்டைக்கு க்யூஎஸ்எல் அட்டை என்று பெயர். அளவு வழக்கமாக 9 × 14 செ.மீ. அழைப்புக்குறி, தேதி, நேரம், அலைவரிசை, ஒலி எவ்வளவு தெளிவாக எட்டியது என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். படம் இருந்தால் அழகு, இல்லாவிட்டாலும் குறையில்லை.

மலேசியாவின் கெடா மாநில அட்டைகளில் தேர்ந்த சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அழைப்புக்குறியின் முன்னெழுத்துகளை. இரண்டாம் உலகப் போருக்கு முன் நீரிணைக் குடியேற்றங்களுக்கு விஎஸ்1, கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கு விஎஸ்2, கூட்டரசில் சேராத மாநிலங்களுக்கு விஎஸ்3 என்று பிரித்திருந்தார்கள். கெடா மூன்றாவது வகை. போருக்குப் பின் அது விஎஸ்2 ஆயிற்று. விடுதலைக்குப் பின் 9எம்2. கெடாவின் சுங்கை பட்டாணி நகரம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் குறி மட்டும் ஆட்சியோடு மாறிக்கொண்டே வந்தது. தபால்தலையும் இதே கதையைச் சொல்லும்: 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா, 1912-இல் நெற்கதிர்க் கட்டு பொறித்த சொந்தத் தபால்தலையை வெளியிட்டது. உறையில் வைத்து அனுப்பிய அட்டைக்கு அந்தச் சாட்சி கிடையாது.

அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் பல நாட்டுத் தொடர்பு விருதில், 1963 செப்டம்பர் 15 வரையிலான தொடர்புகள் 'மலாயா' கணக்கில் சேரும். அந்த நாடு இப்போது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக யாரும் அதைப் பிடிக்க முடியாது. 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 8 வரை சிங்கப்பூரோடு பேசியவர்களுக்கும் மேற்கு மலேசியக் கணக்குதான்! கெடாவின் லங்காவித் தீவுக்கு மதிப்பு வேறு வழியில் வந்தது: 1964-இல் பிரிட்டனில் தொடங்கிய தீவுத் தொடர்பு விருதில் அதன் எண் ஏஎஸ்-058.

கெடாவின் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு ஒலிபரப்பும் கருவியும் உரிமமும் எட்டாதவை. கேட்கும் பெட்டி எட்டியது. பக்கத்துப் பினாங்கின் வானொலிச் சங்கம் 1934-லேயே தமிழிலும் ஒலிபரப்பியது. மலாயாவின் அவசரகாலத்தில் அரசே தோட்டங்களில் பொதுப் பெட்டிகளை வைத்தது. எந்த நேரம், எந்த அலைவரிசை, எப்படிக் கேட்டது என்று எழுதிப்போட்டால் நேயருக்கும் அட்டை வரும். அகில இந்திய வானொலி அனுப்பியது, சீன வானொலியின் தமிழ்ப் பிரிவும் அனுப்பியது. 1941-இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பை எத்தனை ஆண்டு கேட்டிருந்தாலும் அட்டை கிடைத்ததில்லை. பிபிசிக்கு அந்த வழக்கமே இல்லை.

சிபி அட்டைகள் தனி ரகம். அமெரிக்காவில் 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸில் 23 சேனல்களோடு பிறந்த சிபி என்ற பொதுமக்கள் வானொலி, 1977-இல் 40 சேனல்களாகப் பெருகியது. அட்டையில் பட்டப்பெயரும் கேலிச்சித்திரமும் இருக்கும். முகவரி பெரும்பாலும் தபால்பெட்டி எண். அதற்குக் காரணம் உண்டு. 150 மைலுக்கு அப்பால் பேசுவதை அந்நாட்டுச் சட்டம் நெடுங்காலம் தடுத்திருந்தது. சூரியப் புள்ளிகள் பெருகிய 1979–80-இல் ஒலி கடல் தாண்டியபோது, தொலைதூர அட்டை ஒவ்வொன்றும் சட்டமீறலுக்குக் கையெழுத்திட்ட ஒப்புதலாக இருந்தது. சேகரிப்பாளருக்கு அதுவே கூடுதல் ருசி.

2003-இல் அமெரிக்கச் சங்கம் தொடங்கிய இணையப் பதிவேடு வந்தபின் தாள் அட்டையின் வரத்து குறைந்தது. பழையவற்றின் விலை ஏற, போலியைப் பற்றிய கவலையும் ஏறியது. உள்ளூர் நேரமும் கிரீன்விச் நேரமும் சேர்ந்திருக்கும் கெடா அட்டையில் கணக்குப் பார்ப்பது எளிது. 1945 செப்டம்பர் முதல் 1981 முடிய வித்தியாசம் ஏழரை மணி. 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி. 1960 என்று தேதியிட்ட அட்டையில் எட்டு மணி வித்தியாசம் இருந்தால் வாங்குபவர் பர்ஸைத் திறக்காமல் இருப்பது நல்லது.