எத்தனை வீரர் இருந்தால் அமைதி? 1906 டிசம்பர் வாக்கெடுப்பு சொல்லும் பாடம்



ஷோனெஃபெல்டில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஓரிடத்தில் அமைதி நிலவ எத்தனை படைவீரர் தேவை, சுவாமி?" செய்திகளைப் பார்த்துவிட்டு எழுந்த கேள்வி அது. இதே கேள்வியை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பெர்லின் நாடாளுமன்றம் விவாதித்தது. அந்த விவாதம் ஓர் அவையையே கலைத்தது. அதன் நடுவே நின்றது ஒரு கத்தோலிக்கக் கட்சி. ஆகவே அந்த வரலாற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இன்று நமீபியா எனப்படும் நாடு 1884 முதல் ஜெர்மனியின் குடியேற்றமாக இருந்தது. 'ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா' என்பது அதன் அன்றைய பெயர். பரப்பில் அது ஜெர்மனியைவிடப் பெரியது. ஆனால் 1889இல் கர்ட் ஃபான் ஃபிரான்சுவா அங்கே இறங்கியபோது அவருடன் வந்த வீரர் 21 பேர் மட்டுமே. அத்தனை பெரிய நிலத்திற்கு அத்தனை சிறிய படை. 1893 ஏப்ரலில் ஹோர்ன்கிரான்ஸ் என்னுமிடத்தில் நாமா மக்களின் தலைவர் ஹென்ட்ரிக் விட்போயின் குடியிருப்பை அவர் விடியலில் தாக்கினார். மாண்டவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தாக்குதல் விட்போயைப் பணியவைக்கவில்லை. போரை நீட்டவே செய்தது.

அடுத்து வந்த தியோடோர் லாய்ட்வைன் வேறு வழியைக் கையாண்டார். தலைவர்களோடு ஒப்பந்தம் செய்வது, ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்துவது, தேவையான இடத்தில் மட்டும் படையைக் காட்டுவது என்பதே அவர் முறை. பத்தாண்டுகள் சில நூறு வீரர்களைக் கொண்டே அவர் ஆட்சியை நடத்தினார். அந்த அமைதி நீதியின்மேல் எழுந்ததன்று. 1897இல் பரவிய மாட்டுக் கொள்ளைநோய் ஹெரேரோ மக்களின் மந்தைகளை அழித்தது. வணிகர்கள் கடனுக்குப் பொருள் கொடுத்துவிட்டு, கடனுக்கு ஈடாக மாடுகளையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டனர். மேய்ச்சல் நிலம் ஆண்டுக்கு ஆண்டு குடியேறிகளின் கைக்குப் போயிற்று. 1904 ஜனவரி 12 அன்று சாமுவேல் மஹரேரோவின் தலைமையில் ஹெரேரோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.

பெர்லின் அந்த எழுச்சியின் காரணத்தை ஆராயவில்லை. படையை மட்டும் பெருக்கியது. லாய்ட்வைன் பேச்சுவார்த்தைக்கு இடம் வைக்க விரும்பினார். பேரரசரோ படைத்தலைமையை லோதார் ஃபான் ட்ரோத்தாவிடம் ஒப்படைத்தார். 1904 ஆகஸ்ட் 11இல் வாட்டர்பெர்க் மலையடிவாரத்தில் போர் நடந்தது. தோற்ற மக்கள் குடும்பம் குடும்பமாக ஒமஹெகே பாலைநிலத்துக்குள் விரட்டப்பட்டனர். நீர்நிலைகளுக்குத் திரும்பும் வழிகள் அடைக்கப்பட்டன. அக்டோபர் 2 அன்று ட்ரோத்தா அழித்தொழிப்பு ஆணையை வெளியிட்டார். டிசம்பரில் பெர்லின் அதைத் திரும்பப் பெறச் செய்தது. அதற்குள் பல்லாயிரம் பேர் தாகத்தால் மடிந்துவிட்டனர். எஞ்சியவர்களுக்குச் சிறைமுகாம்கள் காத்திருந்தன. லூடெரிட்ஸ் துறைமுகத்தருகே இருந்த சுறாத் தீவு முகாம் அவற்றுள் மிகக் கொடியது. 1904 அக்டோபரில் நாமா மக்களும் எழுந்தனர். போரின் உச்சத்தில் அங்கே நின்ற ஜெர்மானிய வீரர் ஏறத்தாழ 14,000 பேர். இருபத்தொருவரில் தொடங்கிய கணக்கு பதினைந்தே ஆண்டுகளில் எட்டிய அளவு இது.

இந்தப் பின்னணியில்தான் 1906 டிசம்பர் வந்தது. பெரும்போர் ஓய்ந்திருந்தது, ஆயினும் அரசு கூடுதலாக ஏறத்தாழ 29 மில்லியன் மார்க் கேட்டு நாடாளுமன்றமாகிய ரைக்ஸ்டாகின் முன் வந்தது. அவையில் பெருங்குழுவாக இருந்தது சென்ட்ரும் என்னும் கத்தோலிக்க மையக் கட்சி. அக்கட்சியின் இளம் உறுப்பினர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர், அப்போது வயது 31, குடியேற்ற நிர்வாகத்தின் ஊழல்களையும் கொடுமைகளையும் ஆவணங்களோடு தொடர்ந்து வெளிப்படுத்திவந்தார். தொகை குறைக்கப்பட வேண்டும், தென்மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள படையை 2500 வீரர்களாகக் குறைக்கும் பணி தொடங்கப்பட வேண்டும் என்று மையக் கட்சி கோரியது.

தலைமை அமைச்சர் பெர்ன்ஹார்ட் ஃபான் பியூலோ இதை ஏற்கவில்லை. எத்தனை வீரர் எங்கே நிற்க வேண்டும் என்பது படைத்தலைவரான பேரரசரின் உரிமை, அதில் ஒரு கட்சி எண் குறிக்கலாகாது என்பது அரசின் வாதம். வரிப்பணத்தை வழங்குவது மக்களின் அவை. எதற்கு, எத்தனை பேருக்கு என்று கேளாமல் வழங்க முடியாது என்பது எதிர்வாதம். டிசம்பர் 13 அன்று 177க்கு 168 என்ற வாக்குகளில் அரசு தோற்றது. சமூக சனநாயகரும் மையக் கட்சியினரும் ஒரே பக்கம் வாக்களித்திருந்தனர். அன்றே அவை கலைக்கப்பட்டது.

பத்து நாள் கழிந்து, டிசம்பர் 23 அன்று, தொலைதூர உகமாஸில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாமா மக்களுள் ஒரு பிரிவினரான பொண்டெல்ஸ்வார்ட் மக்கள் ஆயுதங்களை ஒப்படைத்தனர். சிறைமுகாமுக்கு அனுப்பப்படாமல் தங்களுக்கென விடப்பட்ட நிலத்தில் வாழ இசைவு பெற்றனர். ஜெர்மன் தரப்பில் பேசியவர் லூட்விக் ஃபான் எஸ்டோர்ஃப். இரு தரப்புக்கும் இடையே நின்று நம்பிக்கையை வளர்த்தவர் ஹைராகாபிஸ் கத்தோலிக்க மறைத்தளத்தின் அருட்தந்தை மலினோவ்ஸ்கி. தலைநகர் வீரர்களின் எண்ணிக்கைக்காக அவையைக் கலைத்துக்கொண்டிருந்த நாள்களில், களத்தில் ஒரு படைத்தலைவரும் ஒரு குருவும் ஒரு குலத்தலைவரும் பேசியே துப்பாக்கிகளை இறக்கிவைத்தனர்.

தேர்தல் 1907 ஜனவரி 25இல் நடந்தது. பியூலோவின் தரப்பு அதை நாட்டுப்பற்றின் தேர்வாக்கியது. படையைக் குறைக்கச் சொன்ன கத்தோலிக்கர் நாட்டின் எதிரிகள் என்ற பழைய குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தது. பிஸ்மார்க் காலத்தில் ஆயர்களும் குருக்களும் சிறைப்பட்டதைக் கண்ட தலைமுறை அப்போது உயிரோடிருந்தது. அந்தச் சொல்லின் கனம் அவர்களுக்குத் தெரியும். சமூக சனநாயகர் 81 இடங்களிலிருந்து 43க்கு வீழ்ந்தனர். மையக் கட்சியோ 105 இடங்கள் பெற்றது. அரசு தன் பெரும்பான்மையை அமைத்துக்கொண்டது. கேட்ட பணமும் கிடைத்தது. 1907 மார்ச் 31 அன்று போர்நிலை முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அதன்பின் படை படிப்படியாகக் குறைந்தது. 1914இல் உலகப்போர் தொடங்கியபோது அந்தக் குடியேற்றத்தில் இருந்த முறையான படைவீரர் ஏறத்தாழ 2000 பேர். 2500 போதும் என்றவர்களை நாட்டுப்பற்றற்றவர் என்று சாடிய ஆட்சி, தானே அதற்கும் கீழே இறங்கிவந்தது.

இங்கே நம் கட்சியினர் என்று நாம் பெருமை கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. மையக் கட்சி குடியேற்ற ஆட்சியையே மறுத்த கட்சியன்று. போர்ச்செலவுக்கு முன்னர் வாக்களித்தவர்களுள் அவர்களும் உண்டு. செலவு, ஊழல், அவையின் உரிமை ஆகியவை அவர்கள் பேச்சில் பெரிதும் ஒலித்தன. பிற்காலத்தில் படை 2000 பேராகச் சுருங்கியதற்கும் நீதி மலர்ந்தது காரணமன்று. எதிர்க்க ஆளில்லாமல் போனதே காரணம். ஏறத்தாழ 80,000 என்று மதிப்பிடப்பட்ட ஹெரேரோ மக்களுள் 1911 கணக்கெடுப்பில் எஞ்சியவர் ஏறத்தாழ 15,000 பேர். நாமா மக்களுள் பாதிப்பேர் அழிந்தனர். எஞ்சியவர்களின் நிலமும் மந்தையும் பறிக்கப்பட்டன. கல்லறையிலும் அமைதி உண்டு. அதற்குக் காவல் வேண்டியதில்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கணக்கு புதியதன்று. 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். 1857இல் வடக்கே பெரும் எழுச்சி நிகழ்ந்தது. அதன்பின் ஆங்கிலேயர் அமைத்த குழு, ஓர் ஐரோப்பிய வீரருக்கு எத்தனை இந்திய வீரர் என்று விகிதம் வகுத்தது. சிப்பாய்கள் ஏன் எழுந்தனர் என்ற கேள்வியைவிட, எந்த விகிதத்தில் எழமாட்டார்கள் என்ற கேள்வி அவர்களுக்கு எளிதாக இருந்தது. ஈழத்திலிருந்து வந்து இங்கே வாழும் நம் உறவுகள் பலர், பள்ளிக்குப் போகும் வழியில் காவலரண்களை எண்ணியே வளர்ந்தவர்கள். எண்ணிக்கை கூடும்போது அச்சம் கூடியதா, அமைதி கூடியதா என்று அவர்களைவிட நன்கு சொல்லக்கூடியவர் யார்?

திருவிவிலியம் படைக்கணக்கை ஐயத்தோடுதான் பார்க்கிறது. தாவீது தம் வீரர்களை எண்ணச் சொன்னது பாவமாயிற்று, யோவாபே தயங்கினார். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு மன்னனைப் பற்றிச் சொல்கிறார். பதினாயிரம் பேருடன் இருபதினாயிரம் பேரை எதிர்க்க இயலுமா என்று அவன் அமர்ந்து எண்ணிப் பார்க்கிறான். இயலாதெனில், எதிரி தொலைவில் இருக்கும்போதே தூது அனுப்பிச் சமாதானம் தேடுகிறான். சீடராவதன் விலையைப் பற்றிய உவமை அது. ஆயினும் எண்ணுவது தூதுக்கு வழிதிறக்க வேண்டும் என்ற அறிவும் அதனுள் இருக்கிறது. உகமாஸில் நடந்தது அதுவே.

நாம் வாழும் ஷோனெஃபெல்டின் எல்லையைத் தாண்டினால் பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதி. அங்கே கொலும்பியாடாம் சாலையிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் ஒரு பழைய கல் இருக்கிறது. அந்தப் போரில் மாண்ட ஜெர்மன் வீரர் எழுவரின் பெயர்கள் அதில் உள்ளன. ஆப்பிரிக்க மக்களின் நினைவாக ஒரு பலகை அதனருகே 2009இல்தான் பதிக்கப்பட்டது. அதில் பெயர் எதுவும் இல்லை. இனப்படுகொலை என்ற சொல்லும் இல்லை. அச்சொல்லை ஜெர்மன் அரசு 2021 மே மாதத்தில்தான் ஏற்றுக்கொண்டது.

அந்த இளைஞரின் கேள்விக்கு என் மறுமொழி இது: அநீதியைக் காக்க எத்தனை வீரரும் போதார், நீதி நிலவும் இடத்தில் சிலரே போதும். எண்ணத்தான் வேண்டுமெனில், பறிபோன நிலங்களையும், திரும்பாத பிள்ளைகளையும், கேட்கப்படாத முறையீடுகளையும் முதலில் எண்ணுவோம். நவம்பர் மாதத்தில் இறந்தோரை நினைவுகூரும்போது கொலும்பியாடாம் கல்லறைக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். பெயர் எழுதப்படாதவர்களுக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களில் தம் அமைதியை நிலைநிறுத்துவாராக.