விறகு போட்டால் கார் ஓடும்!

1940, ஏப்ரல் 9. ஹிட்லரின் படைகள் டென்மார்க்குக்குள்ளும் நார்வேக்குள்ளும் நுழைந்தன. பக்கத்து நாடான ஸ்வீடனை அவர்கள் தொடவில்லை. ஆனால், அட்லாண்டிக்கிலிருந்து ஸ்வீடனுக்குக் கப்பல்கள் வரும் வழி ஜெர்மனியின் பிடிக்குள் போய்விட்டது. அந்த வழியாகத்தான் பெட்ரோல் வந்தாக வேண்டும். ஒரு தோட்டாகூடச் சுடாமல் ஸ்வீடனின் கழுத்தில் கை வைத்தாயிற்று!

எண்ணெய்க் கிணறு கிடையாது. சரி, வேறென்ன இருக்கிறது? காடு. நாட்டில் பாதிக்கு மேல் காடுதான். அப்புறம் என்ன, வெட்டு விறகை, போடு காரில்!

விறகில் கார் ஓடுமா? ஓடும். காற்று தாராளமாகக் கிடைத்தால் விறகு எரிந்து சாம்பலாகும். காற்றை அளந்து விட்டால் முழுசாக எரியாமல், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைக் கக்கும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோலின் வேலையை அது பார்க்கும்.

சிக்கல் எங்கே என்றால், கூடவே வரும் தாரில். அந்தப் பிசுபிசுப்பு எஞ்சினை ஒரு வழி பண்ணிவிடும். ஜார்ஜ் இம்பெர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1920களில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வாயுவை மேலே போகவிடாமல், கீழே தகதகக்கும் கரிக்கங்குகளின் வழியே இழுத்தார். அந்தச் சூட்டில் தாரில் பெரும்பகுதி சிதைந்துவிடும்.

முதுகில் டிரம்மைச் சுமந்துகொண்டு வண்டிகள் கிளம்பின. யுத்தகாலத்தில் ஸ்வீடனில் 70,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் விறகிலும் கரியிலும்தான் ஓடின. சொகுசையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. பற்றவைத்து, வாயு சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பதில் சுமார் 3 கிலோ விறகு. மேடு வந்தால் வண்டிக்கு மூச்சு வாங்கும்.

அதே யுத்தம் நம் ஊர்ப் பெட்ரோலுக்கும் ரேஷன் போட்டது. மெட்ராஸ் மாகாணத்து பஸ்களும் கரிவாயுவுக்கு மாறின. மதுரை டி.வி.எஸ். நிறுவனமே அதற்கான 'காஸ் பிளான்ட்' தயாரித்தது.

எல்லாம் சரி, ஒரு விபரீதம் இருக்கிறது. எஞ்சினை ஓட்டும் அதே கார்பன் மோனாக்சைடு ஆளையும் கொல்லும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். கங்கு அணையாத வண்டியை ஷெட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால், தீர்ந்தது கதை. தலைவலி, மயக்கம் என்று ஏகப்பட்ட ஸ்வீடன்காரர்கள் அவஸ்தைப்பட்டார்கள். செத்துப்போனவர்களும் உண்டு. தெரிந்தேதான் ஓட்டினார்கள். வேறு வழி?

1945ல் போர் முடிந்தது, பெட்ரோல் வந்தது. டிரம்களைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஆனால், ஸ்வீடன் அரசாங்கம் மறக்கவில்லை. 1956ல் சூயஸ் கால்வாய்ச் சண்டையில் எண்ணெய்க் கப்பல்கள் தடுமாற, மறுவருஷமே மரவாயு ஆராய்ச்சியை மறுபடி ஆரம்பித்தது.

இன்னொரு தடவை கப்பல் வராமல் போனால், விறகில் வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டுமே!