விதியா? விதிமீறலா? – குடிபோதையில் வாகனம் ஓட்டுவதற்கு எதிரான போராட்ட வரலாறு



‘விதி’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று ஊழ், மற்றொன்று மனிதர் வகுத்துக் கொண்ட ஒழுங்கு. சாலை விதி, பள்ளி விதி என்று நாம் கூறுவது இரண்டாம் பொருளில்தான். ஆனால், சாலையில் ஓர் இளம் உயிர் பறிபோனால் துக்க வீட்டில் முதலில் கேட்பது, “எல்லாம் அவன் விதி” என்னும் சொல்லே. மோதியவர் மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியவர் என்று தெரிந்த பின்னும் அச்சொல் மாறுவதில்லை. அந்த ஆறுதலை ஏற்க மறுத்துச் சாலை விதியையே மாற்றி எழுதச் செய்த சிலரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

கருவி பிறந்த கதை

1897 செப்டம்பர் 10 அன்று இலண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்மித் என்னும் வாடகை வண்டி ஓட்டுநர், தமது மின்சார வண்டியை ஒரு கட்டடத்தின் மீது மோதினார். குடித்திருந்ததை ஒப்புக்கொண்ட அவருக்கு 25 ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. மோட்டார் வாகனத்தைக் குடிபோதையில் ஓட்டித் தண்டனை பெற்ற முதல் மனிதராக அவரே குறிப்பிடப்படுகிறார்.

அவர் ஒப்புக்கொண்டார், மறுப்பவரை என்ன செய்வது? நடையின் தள்ளாட்டத்தையும் பேச்சின் குழறலையும் கொண்டுதான் காவலர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1936-இல் நார்வே இதற்கு ஒரு வழி கண்டது. இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டைத் தாண்டினாலே குற்றம் என்று சட்டம் இயற்றியது. தள்ளாடினாரா, நேராக நடந்தாரா என்னும் வாதத்திற்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. 1954-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் காவல் துறையைச் சேர்ந்த இராபர்ட் போர்கென்ஸ்டைன், மூச்சுக்காற்றைக் கொண்டு மதுவை அளக்கும் கருவியை உருவாக்கினார். சாலையோரத்திலேயே சோதிக்கும் காலம் பிறந்தது.

1967 அக்டோபரில் பிரிட்டன் இச்சோதனையை நடைமுறைப்படுத்தியது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்பது அன்று அங்கு வரம்பாக வகுக்கப்பட்டது. இச்சட்டத்தைக் கொண்டுவந்த போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசல் அம்மையாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதைச் சுட்டிக்காட்டி ஏளனம் செய்தோர் பலர். மிரட்டல் கடிதங்களும் வந்தன. எனினும், முதல் ஆண்டிலேயே சாலை மரணங்கள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன. ஆனால், பிடிபடும் வாய்ப்பு தாம் நினைத்த அளவுக்கு இல்லை என்பதை ஓட்டுநர்கள் கண்டுகொண்டதும் அச்சம் தேய்ந்தது, பலனும் தேய்ந்தது. கருவியும் சட்டமும் மட்டும் போதா என்பதை இது காட்டிற்று.

ஒரு தாயின் சினம்

1980 மே 3. கலிபோர்னியாவின் ஃபேர் ஓக்ஸ் என்னும் ஊரில், தேவாலய விழாவிற்கு நடந்து சென்று கொண்டிருந்த 13 வயதுச் சிறுமி கேரி லைட்னரை ஒரு கார் மோதிக் கொன்றது. ஓட்டியவர் குடித்திருந்தார், நிற்காமலும் போய்விட்டார். அதற்கு முன்பே இதே குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர். மற்றுமொரு வழக்கில் பிணையில் வெளிவந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. அவர் சிறைக்குச் செல்வதே ஐயம்தான் என்று காவலர் ஒருவர் கூறக் கேட்ட தாய் கேண்டஸ் லைட்னர், மகளைப் பறித்தது ஊழ் அன்று, சமுதாயத்தின் அலட்சியமே என்று உணர்ந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில், குடிபோதையில் வாகனம் ஓட்டுவோருக்கு எதிரான தாய்மார்கள் என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் அப்பெயர் ‘மேட்’ என ஒலிக்கும்; கடுஞ்சினம் என்பது அதன் பொருள். மேரிலாந்து மாநிலத்தில், இத்தகைய மோதலால் உடல் செயலிழந்த பச்சிளங்குழந்தையின் தாயான சிண்டி லாம்ப் அவருடன் இணைந்தார். இறந்த பிள்ளைகளின் படங்களோடு தாய்மார்கள் சட்டமன்றங்களின் வாயிலில் நின்றனர். நீதிமன்றங்களில் அமர்ந்து வழக்குகளைக் கவனித்தனர். ‘விபத்து’ என்று சொல்லாதீர்கள், இது குற்றம் என்று ஓயாமல் வலியுறுத்தினர்.

1982-இல் அமெரிக்க அதிபர் ரீகன் இதற்கென ஓர் ஆணையத்தை அமைத்தார். 1984-இல், மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்னும் சட்டம் பிறந்தது. 2004-க்குள் எல்லா மாநிலங்களும் 0.08 விழுக்காட்டு வரம்பை ஏற்றன.

ஓர் ஆசிரியரின் பங்கு

இந்த வரலாற்றில் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரும் உண்டு. 1981-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேலண்டு இடைநிலைப்பள்ளி ஆசிரியர் இராபர்ட் அனஸ்டாஸ், தம் மாணவர் இருவரை அடுத்தடுத்த மோதல்களில் இழந்தார். அவர் மாணவர்களையே கொண்டு ஓர் இயக்கத்தை உருவாக்கினார். அதன் உயிர்நாடி பெற்றோரும் பிள்ளையும் கையொப்பமிடும் ஓர் ஒப்பந்தம். தான் குடித்திருந்தாலோ, அழைத்துச் செல்ல வேண்டியவர் குடித்திருந்தாலோ, எந்நேரமாயினும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பேன் என்று பிள்ளை உறுதியளிக்கிறான். அந்நேரத்தில் கேள்வி கேட்காமல், சினங்கொள்ளாமல் வந்து அழைத்துச் செல்வேன். பேச வேண்டியதைப் பிறகு பேசுவோம் என்று பெற்றோர் உறுதியளிக்கின்றனர். தாமும் குடித்துவிட்டு ஓட்டமாட்டோம் என்று பெற்றோர் ஏற்பதும் அதில் அடங்கும். வீட்டாரின் கோபத்திற்கு அஞ்சியே பிள்ளைகள் ஆபத்தான வண்டியில் ஏறுகின்றனர் என்பதை அவ்வாசிரியர் அறிந்திருந்தார்.

பலன் என்ன? 1982-இல் அமெரிக்காவில் குடிபோதை ஓட்டுநர்களால் நேர்ந்த மோதல்களில் சுமார் 21,000 பேர் மாண்டனர். 2019-இல் அது சுமார் 10,000. ஆனால், 2021-இல் மீண்டும் 13,000-ஐத் தாண்டிற்று. இப்போராட்டம் ஒருமுறை வென்று முடிப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தொடங்க வேண்டியது.

நம் நாட்டில்

2020-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மலேசியாவில் அடுத்தடுத்து நேர்ந்த குடிபோதை மோதல்கள் மக்களைக் கொதிக்கச் செய்தன. அதன் விளைவாக 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, 2020 அக்டோபர் 23 முதல் நடைமுறைக்கு வந்தது. இரத்தத்தில் மதுவின் வரம்பு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்தது. குடிபோதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை; 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். இங்கும் மக்களின் குரலே விதியைத் திருத்தியது.

நம் சமூகத்திற்கு இத்தகைய போராட்டம் புதிதன்று. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றனர். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை நாம் வகுப்பில் போதிக்கிறோம். ஆயினும், திருமண விருந்து முடிந்து, குடித்த உறவினர் சாவியை எடுக்கும்போது, மரியாதை கருதி வாய் திறவாமல் இருக்கிறோம். பின்னிருக்கையில் ஏறுவது நம் பிள்ளைகள்.

பெரியவராயினும் அவரிடமிருந்து சாவியை வாங்கி வைப்பது அவமதிப்பு ஆகாது. அனஸ்டாஸின் ஒப்பந்தத்திற்குப் பணம் வேண்டாம். ஒரு தாளும் இரு கையொப்பமும் போதும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசிப் பார்ப்போமா?