மிர்சா சாலிஹ் கொண்டுபோன சொல்

ஜிஆர்இ தேர்வுக்காக ஆங்கிலச் சொற்பட்டியலை நெட்டுரு போட்டுச் சலித்த நாட்களில்தான் மிர்சா சாலிஹ் ஷிராஸியைப் பற்றி வாசித்தேன். ரஷ்யாவிடம் போரில் தோற்றிருந்த ஈரானின் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சா, 1815இல் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிய ஐந்து பேரில் ஒருவர். மற்றவர்களுக்கு பீரங்கி, மருத்துவம் என்று ஆளுக்கொரு வேலை, இவருக்கு மொழி.

அகராதியைப் புரட்டினால் தீர்கிற வேலையா அது? 'பார்லிமென்ட்'டுக்குப் பாரசீகத்தில் என்ன சொல்வது? அப்படியொன்று ஊரிலேயே கிடையாதே! பயணக் குறிப்பில் 'மஷ்வரத் கானே' என்று எழுதினார். ஆலோசனை வீடு. ஷாவின் குடிமகன் ஒருவர் இதை எழுதும்போது கை கொஞ்சமாவது தயங்கியிருக்காதா? அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது.

1819இல், அச்சுத் தொழிலும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1837இல் டெஹ்ரானில் ஈரானின் முதல் செய்தித்தாளைத் தொடங்கினார். அதற்கும் சொல் இல்லை. 'நியூஸ்பேப்பர்' என்பதை இரண்டாக உடைத்து, 'காகஸே அக்பார்' என்று பெயர் வைத்துவிட்டார். காகஸ் என்றால் தாள். நம்ம காகிதத்துக்குச் சொந்தக்காரன்தான். அக்பார் என்றால் செய்திகள்.

லண்டன் பத்திரிகைகள் அமைச்சர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட காலம் அது. இவருடையதோ அரசாங்கத்தின் தாள். நெடுநாள் ஓடவும் இல்லை.