அமெரிக்கச் சண்டை விமானிகளின் போர்க்காலப் புகைப்படங்கள் (இந்தியா – பர்மா – சீனா, 1941–45)

இரண்டாம் உலகப் போரின் கிழக்கு முனையில் பறந்த அமெரிக்கச் சண்டை விமானிகளையும் அவர்களது விமானங்களையும் காட்டும் படங்கள். பத்திரிகைக்காரர்கள் எடுத்தவை, படைப்பிரிவுப் புகைப்படக்காரர்கள் எடுத்தவை, விமானிகளே எடுத்துக்கொண்டவை என மூன்று வகையும் உண்டு. இம்முனையில் அமெரிக்கரின் போர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நடந்தாலும், அதிகம் அச்சேறியவை 1941 டிசம்பர் முதல் 1942 ஜூலை வரையிலான படங்களே.

அந்த மாதங்கள் கிளேர் ஷெனால்ட் தலைமையிலான அமெரிக்கத் தன்னார்வப் படைக்கு, அதாவது ‘பறக்கும் புலிகளுக்கு’, உரியவை. சீனாவுக்காக வாங்கப்பட்ட 100 பி-40 விமானங்களில் ஒன்று ரங்கூன் துறைமுகத்தில் இறக்கும்போதே பாழாயிற்று. மற்றவற்றின் பாகங்கள் பூட்டப்பட்டு, பர்மாவின் டவுங்கூ தளத்தில் பயிற்சி நடந்தது. விமானிகள் அப்போது அமெரிக்கப் படையினர் அல்லர். மாதம் 600 டாலர் அளவில் சம்பளம் பெற்ற ஒப்பந்தக்காரர்கள். சுட்டு வீழ்த்தும் ஒவ்வொரு விமானத்துக்கும் 500 டாலர் தனி.

விமானங்களின் மூக்கில் வரைந்த சுறா வாய்தான் இவர்களின் படங்களை உலகறியச் செய்தது. அந்த ஓவியமே ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்து வரைந்தது. லிபியப் பாலைவனத்தில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 112ஆம் பிரிவு தன் விமானங்களுக்கு இப்படி வாய் வரைந்திருந்தது. அதன் வண்ணப்படம் பம்பாயிலிருந்து வந்த ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா’வில் வெளியானதாகவும், தம் விமானிகள் அதைப் பார்த்தே வரைந்ததாகவும் ஷெனால்ட் 1949இல் வெளியான தம் நினைவுநூலில் எழுதினார். எரிக் ஷில்லிங் என்ற விமானி, தாம் பார்த்தது ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானத்தின் படம் என்றார். 112ஆம் பிரிவும் ஜெர்மானியரைப் பார்த்தே வரைந்தது என்பது பரவலான கருத்து. எனவே இரண்டு கூற்றும் ஒன்றையொன்று மறுப்பவை எனக் கொள்ள வேண்டியதில்லை. எது எப்படியாயினும், பி-40இன் மூக்குக்கு அடியில் ரேடியேட்டருக்காகத் திறந்திருக்கும் பெரிய காற்றுத்துளை சுறாவின் பிளந்த வாய்க்கென்றே அமைந்தது போலிருக்கும். புகைக்குழாய் வரிசைக்கு முன்னால் கண், துளையைச் சுற்றிப் பல். கூர்மூக்கு ஸ்பிட்ஃபயரில் இது இவ்வளவு எடுப்பாக வந்திராது.

1942 மார்ச்சில் ‘லைஃப்’ இதழ் இவர்களைப் படங்களோடு வெளியிட்டது. காலத்தை வென்று நிற்பது ஆர்.டி. ஸ்மித் என்ற விமானி எடுத்த வண்ணப்படம். 1942 மே 28 அன்று சால்வீன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் பறந்துகொண்டே, பக்கத்தில் அணிவகுத்து வந்த பி-40களை எடுத்தார். அக்காலத்துக் கோடாக்ரோம் சுருளைத் தளத்திலேயே கழுவ முடியாது. கோடாக் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விமானமும் ஓட்டி, படமும் எடுத்த கை அது. ஸ்மித் தம் நாட்குறிப்போடு இப்படங்களை 1986இல் நூலாக்கினார்.

நிலத்தில் எடுத்த படங்களில் இரண்டு விவரங்களைக் கவனிக்கலாம். முதலாவது, தோல் சட்டையின் முதுகில் தைத்த சீனக் கொடித்துணி: இவர் உதவிக்கு வந்த அந்நியர், காப்பாற்றுங்கள் என்று சீனத்தில் அதில் எழுதியிருக்கும். இரண்டாவது, விமானி அறைக்குக் கீழே வரிசையாகத் தீட்டிய ஜப்பானியக் கொடிகள்; ஒரு கொடிக்கு ஒரு வெற்றி. இக்கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை. படைக்கு மொத்தம் 297 வெற்றிகள் என்று வழங்கிவர, ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்ட வரலாற்றாசிரியர் டேனியல் ஃபோர்டு ஏறத்தாழ 115 என்கிறார்.

1942 ஜூலை 4இல் தன்னார்வப் படை கலைந்து, 23ஆம் சண்டை விமானக் குழு அதன் இடத்தில் வந்தது. அசாமிலிருந்து பறந்த 80ஆம் குழுவினர் பி-40களின் மூக்கு முழுவதும் வெள்ளை மண்டையோடு தீட்டினர். கையால் வரைந்தவை ஆதலால், அருகருகே நிற்கும் இரு மண்டையோடுகளில் ஒன்று சிரிக்கும், மற்றது முறைக்கும். 1944இல் பிலிப் காக்ரன், ஜான் அலிசன் தலைமையிலான முதல் ஏர் கமாண்டோ குழுவின் மஸ்டாங் விமானங்களை உடலில் சாய்ந்தோடும் ஐந்து வெள்ளைப் பட்டைகளால் இனங்காணலாம். அவ்வாண்டு மார்ச் 5 அன்று ‘பிக்கடில்லி’ என்ற இறங்குதளத்தில் மரத்தடிகள் கிடப்பதைக் காட்டிய வான்படம் அக்குழுவின் கிளைடர்கள் புறப்படும் நேரத்தில் வந்துசேர, திட்டமே மாறியது. (காண்க: வான்வழி உளவுப்படம்.)

இப்போரில் தென்னிந்தியப் பங்கு பெரும்பாலும் பட்டறை சார்ந்தது. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1943 முதல் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமாக இயங்கியது. எலஹங்காவில் பிரிட்டிஷ் விமானிகள் அமெரிக்கத் தண்டர்போல்ட் விமானத்துக்குப் பழகினர். அங்கு எடுத்த படங்களை அமெரிக்க விமானிகள் என்று தவறாகக் குறிப்பது எளிது. சென்னைக்கு மேற்கே ஆவடி போர்க்கால இராணுவக் கிடங்காக இருந்தது. சோழவரத்தில் ஓடுபாதை இருந்தது.

அமெரிக்கப் படைப்பிரிவுகள் அதிகாரபூர்வமாக எடுத்த படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை எண்மமாக்கி வருகிறது. அவற்றுக்கு மென்பொருளால் நிறமேற்றிய பிரதிகளும் உலவுகின்றன. தன்னார்வ விமானிகள் அரசு ஊழியர் அல்லர் என்பதால், அவர்கள் சொந்தமாக எடுத்த படங்களுக்கு இந்த விதி தானாகப் பொருந்தாது.