உத்தரமேரூர்ச் சபையும் பொதுவாழ்வின் தூய்மையும்

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காதிருப்பானோ என்னும் பழமொழி நம் இல்லங்களில் வழங்குதலை யாவரும் அறிவீர். பொதுப்பொருளைக் கையாள்வோன் அதிற் சிறிது தனக்கென எடுத்தல் இயல்பே என்று பொறுத்துக்கொள்ளும் மனநிலை இப்பழமொழியில் அமைந்துளது. அங்ஙனம் பொறுத்தற்கு உடன்படாத ஊரொன்று, ஆயிரத்தொரு நூறு ஆண்டுகட்கு முன் நம் தமிழகத்தில் இருந்தது. நம் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் அணுகிவரும் இவ்வமயத்தில் அதன் வரலாற்றை நம்மவர் அறிதல் நன்றென எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

காஞ்சிபுரத்திற்குத் தென்பால் உள்ள உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டில் (கி. பி. 919) எழுந்தது, மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டில் (கி. பி. 921) எழுந்தது. கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை ஆராய்ந்து, தொல்பொருட்டுறையின் 1904-05-ஆம் ஆண்டறிக்கை வாயிலாக உலகிற்கு உணர்த்தினார். முதலில் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் மீண்டும் ஆராய்ந்து அவ்வூரார் திருத்திக்கொண்டனர் என்பதும் இவற்றால் விளங்குகின்றது.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வட்டம் போல்வது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றிற்கு உரியவர் குடவோலை வாயிலாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய், 35 வயதிற்கு மேல் 70 வயதிற்குட்பட்டவராய், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்யாதவராய் இருப்போர் பெயரே குடத்தில் இடப்பெற்றது. இவற்றோடு அர்த்த சௌசம், ஆத்ம சௌசம் என்னும் இரண்டும் வேண்டப்பட்டன. பொருளிற் தூய்மை, உள்ளத்திற் தூய்மை என்பன இவற்றின் பொருள்.

உள்ளத் தூய்மையைப் பிறர் காண்டல் அரிது. பொருட்டூய்மையோ காட்டவும் காணவும் தக்கது. அதனை ஆராய அச்சபையார் வகுத்த விதியே நாம் இன்று கருதத்தக்கது. முன்னர் எவ்வாரியமாயினும் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் பெயர் குடத்தில் புகலாகாது என்றனர். பிறர் பொருளைக் கவர்ந்தவனையும் விலக்கினர். கணக்குக் காட்டாதவனைப் பற்றிய விதி அவனளவில் நின்றுவிடவில்லை. அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன், தந்தை, மகன், உடன்பிறந்தார் ஆகியோர் பெயரும் புகலாகாது என்று ஒவ்வோர் உறவையும் எண்ணி எண்ணிக் கல்லிற் பொறித்தனர்.

குற்றமில்லா உறவினரையும் விலக்குதல் கடுமையன்றோ எனின், கடுமையே. எனினும் உறவே கணக்கை மறைக்கும் திரையாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தனர் போலும். கணக்கெழுதுவோனையும் அவர் விட்டிலர். தான் எழுதிய கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். அவனுக்காகப் பிறனொருவன் புகுந்து முடித்தல் கூடாது. பெரியோர்முன் காட்டித் தூயன் எனப்பட்ட பின்னரே அவன் மீண்டும் கணக்கெழுதப் புகலாம் என்றனர்.

குடவோலை எடுத்த முறையும் இத்தகையதே. சிறியோரும் பெரியோரும் கூடிய சபையில், உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அதனை வாசிப்பர். ஒருவன் சொல்லை மட்டும் நம்பி எதுவும் நடந்திலது.

அச்சபை பிரமதேய ஊரின் சபை. நிலமும் மறையறிவும் உடையார்க்கன்றி ஏனையோர்க்கு அதில் இடமில்லை. ஆகலின் அதனை இக்காலக் குடியரசோடு ஒப்பிட்டுப் புகழ்தல் பொருந்தாது. ஆயினும் தம்மவரென்று கருதிக் கணக்கை விட்டுக்கொடாத அவர்தம் உறுதி எக்குலத்தார்க்கும் கொள்ளத்தக்கதே.

இதனைப் பிறர்க்குரைக்குமுன் எம் பிழையையும் கூறுதல் கடன். சில ஆண்டுகட்கு முன், ஏழை மாணாக்கர்க்குப் புத்தகம் வாங்குதற்கென அன்பர் சிலர் தந்த தொகை எம்பால் இருந்தது. வேண்டியன யாவும் வாங்கினோம். ஒரு காசும் எமக்கென எடுத்திலேம். எனினும், எம்மை யார் ஐயுறுவர் என்னும் செருக்கால் செலவை உடனுக்குடன் குறித்து வைத்திலேம். ஆண்டிறுதியில், கூலி வேலை செய்யும் தந்தை ஒருவர், “ஐயா, வரவு செலவு எழுதியிருக்கின்றீர்களா?” எனப் பணிவுடன் வினவினார். எமக்குச் சினமே வந்தது. அன்றிரவு கூட்டிப் பார்க்க, 340 ரூபாய்க்குக் கணக்கு விளங்கவில்லை. எம் கைப்பொருளை இட்டு நிரப்பினோம். தொகை நிறைந்தது, ஆயின் அவர் வினாவிற்கு அது விடையாகவில்லை. அவர் கேட்டது பணத்தையன்று, கணக்கையன்றோ?

நம் சங்கத்தார் பெரும்பாலும் ஒருவர்க்கொருவர் கொண்டு கொடுத்த உறவினர். அதனால், மாமனை எங்ஙனம் கேட்பது, மைத்துனன் மனம் நோகுமே என்று வாளா இருந்துவிடுகின்றோம். கேளாமையை மரியாதை என்றும் கருதுகின்றோம். கேட்பவனைப் பகைவனெனக் கருதாது, கேட்குமுன்னரே ஏட்டை விரித்து வைப்பதே தலைமைக்கு அழகு. உறவினர் பொறுப்பிலிருப்பின், முதலிற் கேட்க வேண்டியவர் அவர்தம் உறவினரே. அதுவே அவர் பெயரைக் காக்கும் வழி.

இப்பழக்கம் கூட்டத்தன்று திடீரெனத் தோன்றுவதன்று. கடைக்குச் சென்று வரும் சிறுவன் மீதிக் காசைத் தாயிடம் எண்ணித் தருவதில் அது தொடங்குகின்றது. தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறித்தல் காண்க. ஆண்டுக்கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் உரைகளைக் கேட்பதோடமையாது வரவு செலவு ஏட்டையும் கேட்டு வாங்கிப் படிக்குமாறு வேண்டுகின்றோம். எம்பால் உள்ள நூல்நிலைய நிதியின் ஏட்டை அன்று முதலில் யாமே கொணர்ந்து வைப்போம்.