அரிசி விற்காத கடை: 1950களில் ஜொகூர்த் தோட்டத் தொழிலாளர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்?

வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போனால் குற்றம். கேட்க விசித்திரமா இருக்கா? 1950களில் ஜொகூரின் சில வட்டாரங்களில் அதுதான் சட்டம்.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கும் இடையிலான அந்தச் சண்டை 12 ஆண்டு நீடித்தது.

காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி எங்கிருந்து வரும்? பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும்தான். சிலர் விரும்பிக் கொடுத்தார்கள். சிலர் பயந்து கொடுத்தார்கள். ஜொகூரிலோ ரப்பர்த் தோட்டம் முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடும். செகமாட், யோங் பெங், கூலாய் வட்டாரங்கள் அரசாங்கத்துக்குப் பெரிய தலைவலி.

1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் சுமார் 500,000 பேர் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயன் வீடுகளும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு, வேலிக்குள் வந்தன. அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் ஏராளம்.

அடுத்தது உணவு. அரிசிக்குப் பங்கீடு. டின் உணவு வாங்கினால், கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை விழுந்த டின்னைக் காட்டில் பதுக்கி வைக்க முடியாதே! உணவு லாரிகளுக்கும் சாலை, நேரம் எல்லாம் கட்டுப்பாடு.

அப்படியும் அரிசி கசிந்தது. சைக்கிள் குழாய்க்குள்கூட மறைத்துக் கொண்டுபோனார்கள்.

அரிசிக்குப் பதில் சோறு

1950களின் நடுவில் அரசாங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. தீவிர நடவடிக்கை நடந்த இடங்களில் வீட்டில் அரிசியே இருக்கக்கூடாது. பொதுச் சமையலறையில் சோறாக்கி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள்.

காரணம் எளிது. அரிசி மாதக்கணக்கில் இருக்கும். நம்ம ஊர் வெயிலில் சோறு மறுநாளே ஊசிப்போகும். தண்ணீர் ஊற்றினால் பழையது ஆகும், உண்மைதான். ஆனால் பழையதும் எத்தனை நாள் தாங்கும்?

இதன் விலையைக் கொடுத்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். பால்மரம் வெட்டுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை எடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துத் திரும்புவதற்குள் மதியம் ஆகிவிடும். இடையில் பசித்தால்? வேலிக்கு வெளியே சோற்றுப் பொட்டலம் போகக்கூடாது. வாசலில் உடல் சோதனை வேறு. சிலாங்கூரின் செமினியில் பெண்களைச் சோதனையிட்ட விதம் பெரும் சர்ச்சையாகி, 1956இல் அதிகாரபூர்வ விசாரணையே நடந்தது.

திட்டம் பலித்ததா? ராணுவக் கணக்கில் பலித்தது. 1958 ஏப்ரலில், தென்பகுதி கொரில்லாக்களின் தலைவர் ஹோர் லுங் ஜொகூரில் சரணடைந்தார். அவர் பேச்சைக் கேட்டு அடுத்த சில மாதங்களில் சுமார் 160 பேர் காட்டை விட்டு வெளியே வந்தார்கள். பசி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1957இல் கிடைத்த சுதந்திரமும், சரணடைந்தால் கிடைத்த பணமும் சேர்ந்தே வேலை செய்தன.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுக்கு வந்தது. உங்கள் தாத்தா பாட்டி அந்தக் காலத்தில் தோட்டத்தில் வளர்ந்தவர்களா? சோற்றுக்கு வரிசையில் நின்றார்களா என்று கேட்டுப் பாருங்கள்.